சங்கீதா சொன்ன பதில்

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர்கள் பேளுக்குறிச்சி ராஜேஸ்வரியம்மாவும் அவர் மகன் சசிதரனும். இருவரும் ஜன்னலையொட்டிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பாயில் என் தங்கை சங்கீதா, அவள் பக்கத்தில் நான். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் விருந்தாளிகளின் முகம் நிழலாயிருந்தது. காது கேளாத சங்கீதாவுக்கு எதிரே பேசுபவர் முகம் தெரிய வேண்டும். நாற்காலியைத் திருப்பிப் போட எனக்குத் தோன்றவில்லை.

"ஏனுங்க, கல்யாணத்துக்கப்புறம் நாலு பேர் முன்னால இப்படிக் கையாட்டிப் பேசாம இருக்குமுங்களா?" என்றார் ராஜேஸ்வரியம்மா.

அப்படியே சைகையில் கேட்டேன். சங்கீதாவின் கைகள் தயங்கவில்லை. 'இது என் மொழி, விடமாட்டேன். அவர் கற்றுக்கொள்வாரா, கேள். இல்லையென்றால் இந்தச் சம்பந்தம் வேண்டாம்.'

முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. அம்மா என்னையே பார்த்தாள்.

"சரிங்குதுங்க" என்றேன்.

"தங்கமான புள்ள!" ராஜேஸ்வரியம்மா எழுந்து வந்து அவள் தலையில் மல்லிகை வைத்தார். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. நான் மாற்றிச் சொன்னது அப்போதுதான் சங்கீதாவுக்குப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் பஸ் ஏறப் போனதும் பூவைப் பிடுங்கி என் மடியில் போட்டாள்.

'மகளிர் குழுவில் மைக் பிடித்து, பெண்ணுக்குப் பதிலாக அப்பனும் அண்ணனும் பேசக் கூடாது என்கிறாய். அக்கா பேசலாமா?'

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"என்னைய வையறா."

"எல்லாம் அவ நல்லதுக்குத்தான்னு சொல்லு கண்ணு."

அதைச் சொல்ல என் கை எழவில்லை. அவர்களுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சைகை காட்டினேன். அவள் மறுத்தாள். 'போனில் நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுது. நான் படிக்கிறேன்.'

எழுதினேன். 'வாய் பேச முடியாத என் தங்கை' என்பதை அடித்துவிட்டு 'சங்கீதா' என்று எழுதினாள். 'சைகையைப் புரிந்துகொண்டதில் சிறு தவறு நேர்ந்துவிட்டது' என்ற வரியையும் அடித்தாள். அந்த இடத்தில் தான் எதுவும் எழுதாமல் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

'அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. சரி என்று சொன்னது நான், அவளல்ல' என்று எழுதினேன்.

கீழே அவள் ஒரு வரி சேர்த்தாள்: 'சசிதரன் என் மொழியைக் கற்றுக்கொள்வாரா? பதிலை அவரே எழுதட்டும்.'

கவரை ஒட்டினாள். வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை. காலையில் ரோட்டோரத் தபால் பெட்டி வரை அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். கவரை உள்ளே போட்டாள்.