மூன்று இடத்தில் பத்திரம்

மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கையும் சொருகியாயிற்று. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். இது அவள் வீட்டில் இருந்த டிஸ்க். அண்ணன் வீட்டு டிஸ்க்கும் அப்பாவின் அலமாரி டிஸ்க்கும் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன.

அம்மா போய் நாலு வருஷம். யாராவது ஃபோனைத் தூக்கினாலே அம்மாவின் கை முகத்தை மூடிவிடும். அப்பாவின் கேமராவுக்கு மட்டும்தான் அந்த முகம் தரிசனம் தரும். அவரும் லேசுப்பட்டவரா? அம்மா தும்ம வாயைத் திறந்தால் முப்பது படம், தும்மி முடிப்பதற்குள் முந்நூறு. கிடங்குக் காவலராக இருந்த மனிதர். "பூமியே ரெண்டாப் பொளந்தாலும் உங்கம்மா மூணு இடத்துல பத்திரம்" என்பார். சொந்தபந்தம் அவருக்கு வைத்த பெயரே 'பத்திரம்'.

அந்தத் தைரியத்தில்தான் படங்களை முதலில் ஏற்றியிருந்த அப்பாவின் பழைய கம்ப்யூட்டரை அண்ணன் எடைக்குப் போட்டான்.

"இதுலயும் அம்புக்குறிதாண்டி," என்றான் இப்போது. "படம் ஒண்ணு இல்ல. படம் எங்க இருக்குன்னு காட்டுற ஷார்ட்கட். அதைத்தான் மனுஷன் மூணு டிஸ்க்குலயும் ஏத்தி வச்சிருக்காரு."

"நாள்பூரா ஆகுற வேலை, கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு பீத்திக்கிட்டாரே..."

"இடமே அடைக்கலன்னு வேற! யானையைத் தீப்பெட்டிக்குள்ள போட்டுட்ட மாதிரி. நானும் ஆமாம் சாமி போட்டேன்."

"எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாத்திருக்கலாம்லண்ணா."

"ஏன், உன் வீட்ல இருந்ததை நீ திறந்தியா?"

அடிக்கடி திறந்தால் டிஸ்க் தேய்ந்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். அது அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"வா, தூக்கப் போறாங்க." அண்ணன் எழுந்து போனான்.

திரையில் படங்களுக்கு அப்பா வைத்த பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. 'ரயிலில் தூங்குகிறாள்.' அழுத்தினாள். தேடிய படம் இல்லை என்று ஒரு கட்டம் எழும்பியது. அதற்குக் கீழே இருந்தது ஒரே பொத்தான்: சரி. அதையும் அழுத்தினாள்.

'திட்டுவதற்கு முன்.' இல்லை. சரி.

'திட்டிய பின்.' இல்லை. சரி.

"எங்க அவ? கடைசியா முகத்தைப் பாக்கச் சொல்லுங்க," என்று கூடத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

'சிரிக்காதே என்றதும்.'

இல்லை.

சரி.