ஆளுக்கொரு வாளி

பொன்னுச்சாமிக்கு இருப்பே கொள்ளவில்லை. இன்றைக்கு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றும் முறை பக்கத்து ரூமுக்கு. அந்தப் பயல்கள் டூட்டி முடிந்து வந்தால் டிவி முன்னால் விழுந்து கிடப்பார்கள். ஊற்றவா போகிறார்கள்?

வளைகுடா நாட்டு ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஃபேக்டரி கேம்ப் அது. பின்னால் சும்மா கிடந்த பொட்டலில் கல் பொறுக்கி, மண் கொட்டி, கம்பி வலை கட்டி, கேம்ப்காரர்களே உண்டாக்கிய தோட்டம். கோடை வெயில் கீரையையும் வெண்டையையும் கருக்கிவிட்டது. மிச்சம், பொன்னுச்சாமி லீவு முடிந்து வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து ஊன்றிய முருங்கைப் போத்து ஒன்றுதான். அதற்கும் வந்தது வினை.

"இங்க பஸ் நிறுத்தணும்னு கம்பெனி கேக்குது. பெருநாளைக்குள்ள இது தழைச்சு நின்னா பேசிப் பாக்குறேன். இல்லேன்னா கலாஸ், எடுத்துற வேண்டியதுதான்" என்று கேம்ப் பாஸ் கௌஸ் முகைதீன் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்துதான் ரூமுக்கு ஒரு நாள், நாளொன்றுக்கு ஒரு வாளி என்று முறை. முறையாம், பெரிய முறை! மனசு கேட்காமல் பொன்னுச்சாமி தினமும் பொழுது சாய வாளியோடு போவார். மண் ஈரமாகத்தான் இருக்கும். 'நனைச்சுட்டுப் போயிருக்கானுக, கஞ்சப் பயலுக' என்று முழு வாளியையும் கவிழ்த்துவிட்டு வருவார்.

நோன்பு பாதி கழிந்தது. எட்டிப் பார்த்த தளிர்களும் மஞ்சளடித்துத் துவண்டன. பொன்னுச்சாமி நேரே போய்ப் பக்கத்து ரூம் சுரேஷ்குமாரின் சட்டையைப் பிடித்தார்.

"தண்ணி ஊத்தாமக் கொன்னுட்டியேடா!"

"அண்ணே, விடுங்க. முறை இல்லாத நாள்லயும் நான்தாண்ணே ஊத்துறேன். நீங்கல்லாம் ஊத்த மாட்டீங்கன்னு..."

பிடி தளர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவன் தலையைச் சொறிந்தான். "நானும் பல்லு வெளக்கப் போறப்ப ஒரு வாளி..." இன்னொருவன் மெல்ல நழுவப் பார்த்தான்.

பொன்னுச்சாமி ஓடிப்போய்ப் போத்தை அசைத்தார். கையோடு வந்துவிட்டது. அடி அழுகி நாறியது. மண்ணுக்குக் கீழே பாறை. ஊற்றியதெல்லாம் வடிய வழியில்லாமல் நின்றிருக்கிறது. அடப் பாவிகளா! இந்தப் பாலைவனத்தில் தண்ணீர் அதிகமாகி ஒரு மரம் சாவதா? அதுவும் குடிதண்ணீருக்கு வரிசையில் நின்றே வளர்ந்த ராமநாதபுரத்துக்காரன் கையாலா? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு கௌஸ் முகைதீன் வந்தார்.

"முடிஞ்சுது பாய். நாளைக்கே பஸ்ஸ விடச் சொல்லுங்க" என்றார் பொன்னுச்சாமி.

கௌஸ் போத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"யா அல்லாஹ்! விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறப்ப நானும் தெனம் ஒரு வாளி ஊத்துனேனே!"

சுரேஷ்குமார்தான் முதலில் சிரித்தான். பொன்னுச்சாமிக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. கௌஸ் சிரிக்கவில்லை. அழுகாத மேல்பாகத்தை வெட்டிப் பொன்னுச்சாமியிடம் நீட்டினார்.

"மேடா மண்ணைக் குவிச்சு ஊனும்யா. பஸ் ரோட்டோரம் நிக்கட்டும், ஏச்சு விழுந்தா நான் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு பய வாளியத் தூக்கக் கூடாது."

ஊன்றி முடித்ததும் கௌஸ் வலைக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பொன்னுச்சாமி நகரவில்லை. அந்தப் பையையே பார்த்தார்.

"பாய், சாவி உங்ககிட்டயும் இருக்கக் கூடாது."