இந்த அரசு

தவறு மைத்துனனுடையது. அவனே ஒப்புக்கொண்டான்.

"இந்த வாரம் நீங்க ஒண்ணும் பேசித் தரலை அத்தான். சும்மா விட்டா பாக்குறவங்க வேற சேனலுக்குப் போயிடுவாங்கன்னு பழைய வீடியோவுல ஒண்ணை எடுத்துப் போட்டேன். பழசுன்னு எழுத மறந்துட்டேன்."

டயர் கடைக்கு மேலே வாடகை அறை. ஒரு மேசை, ஒரு கேமரா, எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் பஞ்சு அட்டை. அங்கே உட்கார்ந்துதான் அவர் வாராவாரம் நாட்டு நடப்பைப் பேசினார். கடன் வாங்கிப் பந்தல் போடாதே. இருப்பதை இடிக்குமுன் எதற்காகக் கட்டினார்கள் என்று கேள். பிள்ளைக்குக் கைப்பேசிக்கு முன் மொழியைக் கொடு. எதைத் தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பார். பிடிக்காதவர்கள் அவருக்குப் பிரேக் என்று பெயர் வைத்தார்கள். வண்டியென்றால் அதுவும் வேண்டுமே என்று அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு ஒரு பழக்கம். கட்சிப் பெயர் சொல்ல மாட்டார், அமைச்சர் பெயர் சொல்ல மாட்டார். 'இந்த அரசு' என்பார். அவ்வளவுதான். ஆளைத் திட்டினால் ஆள் போனதும் பேச்சும் செத்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். இப்போது அதுவே வினையாக வந்து நின்றது.

பழைய பதிவில் அவர் போன ஆட்சியை வறுத்தெடுத்திருந்தார். அரசு அலுவலகங்களில் கவுன்டர்களை மூடி இயந்திரங்களை வைத்ததற்காக. "கேட்டா பதில் சொல்ல ஒரு மனுஷ முகம் இல்லேன்னா, அதுக்குப் பேரு ஆபீஸ் இல்ல, பூட்டின கதவு. இந்த அரசுக்குச் சொந்த ஜனங்களோட பேசப் பயம்."

பிறகு தேர்தல் வந்தது. அவர் நெடுங்காலம் தோள்கொடுத்த கட்சி ஜெயித்தது. கவுன்டர்களைத் திறப்போம் என்று சொல்லித்தான் ஜெயித்தது. இன்று பதிவைப் பார்த்தவர்கள், பிரேக் தன் ஆட்கள் மீதே பாய்ந்துவிட்டார் என்று நம்பினார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு சொல்கூட இடறவில்லை.

அதுதான் அவரை உட்கார விடவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"விலை போயிட்டான்னு நம்ம ஆளு ஒருத்தர். போன தடவை உங்களைக் கழுதைன்னு திட்டினவர் இன்னைக்குப் பூ போட்டிருக்கார்."

"கழுதைக்கா?"

"கழுதைக்கேதான்."

கைப்பேசி அடித்தது. ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளர். கட்சி தோற்றுக் கிடந்த நாட்களில் இந்த அறையில் ஒரு டீயை இரண்டாக்கிக் குடித்தவர்.

"என்னண்ணே இது, நம்ம வீட்டுக் கூரை மேல நீங்களே கல்லெறியிறீங்க?"

"அது பழசு தம்பி. அவங்க காலத்துல பேசினது."

"அப்பாடா! அதையே கேமரா முன்னாடி ஒரு நிமிஷம் சொல்லிடுங்க. உள்ளதைத்தானே சொல்லப் போறீங்க? உங்களைப் பாடநூல் குழுவுல போடுற ஆணை மேசையில இருக்கு. சாயந்திரம் கையெழுத்து. இந்த நேரத்துல எதுக்கு வம்பு?"

பாடநூல் குழு. பள்ளிப் புத்தகங்களிலிருந்து பழம்பாடல்களை உருவி எறிந்துவிட்டுச் செயலி பயன்படுத்தும் முறையைப் பாடமாக வைத்திருந்தார்கள். அதற்காக அவர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கத்தி நடக்காதது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நடக்கும். கேட்ட விலையும் பெரிதல்ல. சொல்லப்போவது பொய்யுமல்ல.

"சொல்லிடுறேன்" என்றார்.

மைத்துனன் விளக்கைப் போட்டான்.

"நீங்கள் பார்த்தது பழைய பதிவு. போன ஆட்சியைப் பற்றிப் பேசியது." நிறுத்தினார். "மறுபடி எடு."

மறுபடி எடுத்தான். அதே இடத்தில் நின்றது.

"அவ்வளவுதானே அத்தான்? நன்றி சொல்லிட்டு எந்திரிங்க."

அவர் நன்றி சொல்லாமலே எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"எங்க?"

"பாத்துட்டு வரேன்."

அரசு அலுவலகம் அடுத்த தெருவில்தான். தேர்தலுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமலிருந்தது வேலையால் அல்ல என்பது படியேறும்போது உறைத்தது.

கவுன்டர்கள் மூடியே இருந்தன. ஷட்டருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள், ஜெயித்தவர்களின் வண்ணம். இயந்திரங்களும் புதிது. ஒன்றின் முன்னால் ஒரு பெண் தன் தகப்பனாரின் முகவாயைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"சார், இது என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் பாருங்களேன். பென்ஷனுக்கு அப்பா உயிரோட இருக்காருன்னு காட்டணும்."

திரையில் 'முகம் பொருந்தவில்லை' என்றிருந்தது.

"எப்படிப் பொருந்தும்? பல்லெல்லாம் எடுத்தாச்சு" என்றார் பெரியவர். "செத்தவன்னே எழுதிக்கச் சொல்லு. கால் வலிக்குது."

"சும்மா இருங்கப்பா, வாயைக் கட்டுங்க."

"வாய்தான் போயிடுச்சே."

"இங்க யாரையாவது கேளுங்களேன்" என்றார் அவர், பெண்ணிடம்.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். கேலியாகப் பார்க்கவில்லை. நிஜமாகவே தேடினாள்.

"யாரை சார்?"

அவர் திரும்பி நடந்தார். டயர் கடைக்காரர் வணக்கம் வைத்ததைக் கவனிக்கவில்லை. மாடியேறி, மூச்சு வாங்க, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எடு."

"தலையைச் சீவிக்கோங்க."

"எடுடா."

எடுத்தான்.

"நீங்கள் பார்த்தது பழைய பதிவு. போன ஆட்சியைப் பற்றிப் பேசியது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். கவுன்டர்கள் மூடித்தான் கிடக்கின்றன. நான் ஓட்டுப் போட்டவர்கள் அவற்றைத் திறக்கவில்லை, வண்ணம் அடித்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பதிவை நீக்கப் போவதில்லை. அன்று அவர்களுக்குச் சொன்னது இன்று இவர்களுக்கு."

மைத்துனன் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அத்தான், குழு?"

"போடு."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"போடுடா."

போட்டான். செய்தித் தொடர்பாளர் அழைக்க அதிக நேரம் ஆகவில்லை. குரலில் கோபமில்லை, அலுப்பு மட்டும்.

"உள்ளதைச் சொல்லுங்கன்னேன் அண்ணே. நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."

"கவுன்டரைத் திறங்க தம்பி. அதையும் சொல்றேன்."

"எதிர்க்கட்சிக்காரங்க உங்களைத் தூக்கி வச்சு ஆடுறாங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன். நாளைக்கு இறக்கிடுவாங்க."

"பாடம், பாட்டுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களேண்ணே. இனி அந்தக் குழுவுல இடமில்ல."

அத்தோடு எதிர்முனை வைத்துவிட்டது.

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அவர் ஜன்னலுக்குப் போனார், கதவுக்கு வந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

"தலை சுத்துது அத்தான். ஒரு இடத்துல உக்காருங்க."

"அந்த இடம்தான் போயிடுச்சேடா" என்றார், நடந்துகொண்டே.