பதினோரு பேருக்கு ஒரே தேதி

பட்டாசுக் கம்பெனியின் வருகைப்பதிவு செயலியைச் சோதிக்க வந்த நாஜியா, ஆட்கள் வழக்கமாக வைக்கிற பாஸ்வேர்டுகளை முன்கூட்டியே ஹாஷ் என்னும் ரகசியக் குறியீடுகளாக மாற்றி அட்டவணை போட்டு வைத்திருந்தாள். செயலிக்குள் பாஸ்வேர்டுகளுக்குப் பதிலாகச் சேமித்திருந்த ஹாஷ்களை அதில் தேடியதும், பதினோரு பேருடைய பாஸ்வேர்டு நொடியில் அகப்பட்டது. பதினொன்றும் ஒரே தேதி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருத்தரப் பாத்து ஒருத்தர் வச்சீகளா? சுலபமாக் கண்டுபிடிக்கிற மாதிரி வைக்காதீகன்னு போன வருசம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று ஃபோர்மேன் முனியராஜிடம் சீறினாள்.

முனியராஜ் ஜன்னலுக்கு வெளியே, கூரையில்லாமல் கருகி நின்ற வெடிமருந்து அறையைப் பார்த்தார்.

"யாரும் யாரையும் பாக்கலம்மா. சாகுற வரைக்கும் மறக்காத ஒண்ண வைங்கன்னு நீங்கதான சொன்னீக? அந்த ரூம் வெடிச்ச தேதி அது. அன்னைக்கு உசுரோட வெளிய வந்தது நாங்க பதினோரு பேருதான்."