நின்றுதான் பார்ப்பேன்

காரின் டிக்கியிலிருந்து எழிலன் சக்கர நாற்காலியை இறக்கி விரித்தபோது, அது யாருக்கு என்று அவன் அம்மா ரத்தினம்மாளுக்கு உடனே புரியவில்லை.

"உக்காரும்மா. ஆனித் திருமஞ்சனம், கூட்டம் ஜாஸ்தி. இதுல தள்ளிட்டுப் போனா வழி விட்டுருவாங்க."

"எனக்கு என்னாடா கொறச்சல்?"

"ஒன்னும் இல்ல. கொஞ்ச நேரம் முடியாத மாதிரி உக்காந்திரு. நான் சாயங்காலத்துக்குள்ள சென்னைக்குத் திரும்பணும்."

எழுபத்துமூன்று வயது. முப்பது வருஷம் கிராம நர்ஸாகச் சைக்கிள் மிதித்த கால்கள். மாதம் தவறாமல், திருவாதிரை நட்சத்திரத்தன்று, மஞ்சக்குப்பத்திலிருந்து தனியாக பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்துவிடுவாள். கணவர் இறந்த வருஷம், தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவள் இங்கே வந்து, சாமி ஆடும் சபைக்கு எதிரே நின்றாள். எதுவும் கேட்கவில்லை. மூச்சு தானாக ஒழுங்குக்கு வரும்வரை நின்றுவிட்டு, வெளியே போய் நாலு இட்லி சாப்பிட்டாள். அவளுடைய பக்தி அவ்வளவுதான். மருமகள் பவானி அதை அத்தையின் பொழுதுபோக்கு என்பாள். ரத்தினம்மாள் திருத்தியதில்லை.

மகன் வருவதே வருஷத்துக்கு ஒருமுறை. உட்கார்ந்தாள்.

கீழ கோபுரத்தைத் தாண்டியதும், "வயசானவங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று எழிலன் குரல் கொடுத்தான். வரிசை விலகியது. ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு, "பாவம்" என்றாள். தாலி இறங்கிய அன்று வீடு முழுக்கக் கேட்ட சொல். வீங்கிய முழங்காலோடு கம்பு ஊன்றி நின்ற ஒரு பெரியவர், அவளுக்காகச் சுவரோரம் ஒதுங்கப் போய்த் தடுமாறினார்.

ரத்தினம்மாள் எழுந்துவிட்டாள்.

"அம்மா, உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்." பெரியவரின் கையைப் பிடித்தாள். "அய்யா, நீங்க உக்காருங்க. எம்புள்ள தள்ளிட்டுப் போவான்."

"உங்களுக்கு வேணாமாம்மா?"

"உள்ள ஆடுறவரே ஒத்தக் காலுல நிக்கிறாரு. எனக்கு ரெண்டும் நல்லா இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழிலனின் முகம் சிறுத்துப்போனது. "நாலு மணிக்கு எழுந்து உனக்காகத்தானே வந்தேன்?" என்றான் தாழ்ந்த குரலில். அது உண்மைதான். அதனால்தான் இவ்வளவு தூரமாவது உட்கார்ந்து வந்தாள்.

"தெரியும்டா. இவர உள்ள வுட்டுட்டு, நேரமாச்சுன்னா கெளம்பு. எனக்கு பஸ்ஸு இருக்கு. ஆடுறவரு முன்னால முடியாதவ மாதிரி போயி உக்கார மாட்டேன். ஒருநாள் நெசமாவே முடியாமப் போவும். அன்னிக்கு நானே கேக்குறேன்."

பதிலுக்கு நிற்காமல் வரிசையின் கடைசிக்கு நடந்தாள். அது குளக்கரை வரை நீண்டிருந்தது. கருங்கல் தரை கொதித்தது. கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, காலை மாற்றி மாற்றி வைத்தாள். ஒரு மணி நேரத்தில் இருபதடி நகர்ந்திருக்கும். எழிலன் ஊருக்குக் கிளம்பிவிட்டானா, உள்ளே அந்தப் பெரியவரோடு நிற்கிறானா, தெரியவில்லை.

திடீரென்று மணிகள் அடித்தன. முன்னால் நின்றவர்களின் கைகளெல்லாம் தலைக்கு மேல் உயர்ந்தன. அவற்றைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. ரத்தினம்மாள் குதிகால்களை உயர்த்தி, கொதிக்கும் கல்லில் விரல்நுனிகளை ஊன்றி, கைகளைத் தூக்கினாள்.