அக்கா ரூம், சார் ரூம்

1

இந்தக் கதை ஒரு துண்டு டேப்பிலிருந்து பிறந்தது. வயரின் நுனியில் ஒட்டி, மேலே பேனாவால் எழுதுவார்களே, அந்த டேப். மற்ற எழுத்தாளர்களுக்குக் கடல், மழை, மரணம் என்று ஏதேதோ கிடைக்கிறது. எனக்கு வாய்த்தது இதுதான்.

முதல் வரியை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'சுவருக்குள் ஓடும் வயர்கள்தான் ஒரு குடும்பத்தின்...'

(வேண்டாம். வயர் சுவருக்குள் ஓடவே இல்லை. சுவரின் மேல் அடித்த வெள்ளை பிளாஸ்டிக் பட்டைக்குள் ஓடுகிறது. முதல் வரியிலேயே பொய்யா?)

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வீட்டிலிருந்தபடியே கணக்கு வகுப்பு எடுக்கிறாள். எங்கள் வைஃபைக்கு ஹாலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பாதிக் கணக்கில், திறந்த வாய் திறந்தபடி அவள் திரையில் சிலையாகி நிற்பாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதனால் அறைக்கு அறை வயர் இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கேபிள்காரர் வந்து, யாருக்கு எங்கே பாயிண்ட் வேண்டும் என்று கேட்டார். மகள் கட்டில் பக்கத்தில் என்றாள். மனைவி, "என் ரூம்ல ஜன்னல் பக்கமா போடுங்கண்ணே" என்றாள்.

அவள் காட்டியது, துவைத்த துணியைக் குவித்துவைக்கும் சின்ன அறையை. ஒரு மாதமாக அங்கேதான் படுக்கிறாள். என் குறட்டை தாங்கவில்லையாம். கொஞ்ச நாளைக்குத்தானாம். கொஞ்ச நாளைக்கு யாராவது சுவரில் ஓட்டை போடுவார்களா?

3

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் குறட்டை என்று எழுதினால் அவள் பொருந்துகிறாள். கோபம் என்று எழுதினாலும் பொருந்துகிறாள். அலுப்பு என்று எழுதினால், ஐயோ, இன்னும் நன்றாகப் பொருந்துகிறாள். கதைகளில் எத்தனையோ பெண்களைப் பக்கம் பக்கமாகப் பேசவைத்தவன் நான். கூடவே வாழ்கிறவளுக்கு ஒரு வசனம் எழுத வரவில்லை. மண்டை காய்கிறது. பயமாகவும் இருக்கிறது.

4

வயர்கள் எல்லாம் ஹாலில் இருக்கும் இன்டர்நெட் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. எது எந்த அறைக்கு என்று தெரிவதற்காகக் கேபிள்காரர் நுனிகளில் டேப் ஒட்டி எழுதினார். பாப்பா ரூம். அக்கா ரூம். சார் ரூம்.

"சார் ரூம்ங்கறதை பெட்ரூம்னு எழுதுங்களேன்" என்றேன்.

"மூணுமே பெட்ரூம்தானே சார்? நாளைக்கு ஒரு லைன் போச்சுன்னா எது என்னன்னு குழம்பிடும்."

"இல்ல, அது எங்க ரெண்டு பேரோட..."

"அப்ப அக்கா ரூம்னு இருக்கே, அது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவைத்தேன்.

5

முடிவு ஒன்று: அவன் அந்த டேப்பைப் பிய்த்து எறிகிறான். (எந்த வயர் எது என்று தெரியாமல் போகும். அவ்வளவுதான்.)

முடிவு இரண்டு: தலையணையைத் தூக்கிக்கொண்டு அவனும் சின்ன அறைக்குப் போகிறான். (ஒருவர் படுக்கும் கட்டில். கதாநாயகனின் சுற்றளவு வாசகருக்குத் தெரியாது.)

முடிவு மூன்று: அவன் அவளிடம்

அதற்குமேல் பேனா ஓடவில்லை. எழுந்து போய்க் கேட்டே விட்டேன். அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீ இனிமே இங்கேயேதான் படுக்கப் போறியா? என்மேல ஏதாவது கோபமா?"

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மைக்கும் திறந்திருந்தது. பழைய வைஃபையாக இருந்தால் பாதி வார்த்தை வழியிலேயே தொலைந்திருக்கும். புது வயரில் ஓர் எழுத்து விடாமல் போய்ச் சேர்ந்தது.

"மிஸ், யாரு மிஸ் அது?" என்றது ஒரு குரல்.

அவள் மைக்கை அணைத்தாள். சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

"இதைக் கேக்க உங்களுக்கு ஒரு மாசம் ஆச்சா?"

"அது வந்து..."

"கிளாஸ் முடியட்டும். வெளிய இருங்க, சொல்றேன்."

6

வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டாளே, அது திட்டா, வருத்தமா, இல்லை இத்தனை நாள் காத்திருந்தேன் என்பதா? சத்தியமாக எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் தயவுசெய்து... (இல்லை, சொல்லாதீர்கள்.)

உள்ளே பிள்ளைகள் ஒவ்வொருவராக "பை மிஸ்" சொல்கிறார்கள். நாற்காலி நகர்கிறது. அவள் சொல்லப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.