லூர்து தலையாட்டினால்

ராயபுரம் கடலோரத்து மீன் காட்சியகத்தில் தண்ணீர் லாரி வந்து நின்றால் ஒரு சடங்கு உண்டு. லாரியின் மேல்மூடியைத் திறந்து ரூஹி ஒரு மக்கில் கடல்நீரை மொண்டு வருவாள். லூர்து அதை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துத் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் வால்வு திறக்கும். உப்பு அளக்க மீட்டர் இருக்கிறது, அமோனியா பார்க்கச் சொட்டு மருந்து இருக்கிறது. ஆனால் எண்ணூர்ப் பக்கத்துக் கடலில் எதெல்லாம் கலக்கிறது என்று மீட்டருக்கு என்ன தெரியும்? லூர்துவின் மூக்குக்குத் தெரியும். இருபத்தாறு வருட சர்வீஸ், தலைமைப் பராமரிப்பாளர். மூக்குக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது காதில் விழும்போதெல்லாம் மனுஷன் உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

அந்த மூக்கு செத்து நாலு வருடம் ஆகிறது.

கொரோனா இரண்டாம் அலையில் படுத்து எழுந்த ஒரு வாரத்தில், அடுப்பில் கருவாடு தீய்ந்து புகைந்துகொண்டிருக்க, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி ஜானட் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள். மோப்பம் திரும்ப வந்துவிடும் என்று காத்திருந்தார். வரவில்லை. வடசென்னையில் மூக்கு போவது வரம் என்று கேலி பேசலாம்தான். மணலி ஆலைகளின் காற்று வீசும் நாளில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவர் மட்டும் ஜம்மென்று நடந்தார். ஆனால் அந்த மூக்கை வைத்துத்தான் அவருக்கு மரியாதையே. அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு எப்படி நாலு வருடம் ஓட்டினார்? ரூஹியின் முகத்தைப் பார்த்துத்தான். ரூஹி அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவள், தண்டையார்பேட்டைக்காரி, ஒப்பந்த வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தண்ணீரில் வாடை இருந்தால், மக்கை நீட்டும்போதே அவள் மூக்கு நுனி இம்மியளவு சுருங்கும். லூர்து கண்ணை முழுக்க மூடுவதில்லை. அந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம், வண்டியத் திருப்பு" என்பார்.

"எனுக்கே லேசாதான் அண்ணே வந்துச்சு. நீங்கோ டக்குனு புட்ச்சிக்கினீங்கோ" என்று ரூஹி அசந்துபோவாள். அவருக்குக் கூசும். கொஞ்ச நேரம் கூசிவிட்டு அடங்கிவிடும்.

இன்னொரு சின்னத்தனமும் செய்தார். பதிவேட்டில் 'வாடை' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். "கண்ணாடிய மறந்துட்டேம்மா, நீ போட்ரு" என்று பேனாவை அவள் பக்கம் தள்ளிவிடுவார். நாலு வருடமாகத் தினமும் கண்ணாடியை மறந்தார்.

டிசம்பர் மழையில் சடையங்குப்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. வழக்கமாகக் கடல்நீர் கொண்டுவரும் உபைதுல்லா அங்கேதான் குடியிருக்கிறான். அவன் லாரி மாட்டிக்கொள்ள, பதிலுக்கு வேறொரு லாரி வந்தது. அதில் முன்னால் எதை ஏற்றினார்களோ, கழுவினார்களோ இல்லையோ. ரூஹி மக்கை நீட்டினாள். அவளுக்கு மூன்று நாளாக ஜலதோஷம், முகத்தில் மாஸ்க். லூர்து பார்த்தபோது மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

வேறு யாரையாவது கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மீட்டர் எல்லாவற்றையும் சரியாகத்தான் காட்டியது. லூர்து இரண்டு முறை இழுத்துத் தலையாட்டினார். ரூஹி வால்வைத் திறந்தாள்.

மறுநாள் காலையில் பெரிய தொட்டியில் ஜமீன்தார் மல்லாந்து மிதந்தது. ஜமீன்தார் என்பது ஒரு களவா மீன். காசிமேட்டுப் படகிலிருந்து உள்ளங்கை நீளத்தில் கொண்டுவந்து, பதினெட்டு வருடம் லூர்து வளர்த்தது. அவர் நடந்து வருவது தெரிந்தால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். கானாங்கெளுத்தியை அவர் கையால் கொடுத்தால்தான் தின்னும். கூடவே இன்னும் பதினோரு மீன்கள் செத்துக் கிடந்தன. லூர்து தொட்டிக்குள் இறங்கி ஜமீன்தாரை இரண்டு கையாலும் தூக்கினார். தூங்குகிற பிள்ளையின் கனம் இருந்தது. நான்தான் கொன்றேன் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுகை வந்தது, அழுதார். கொன்றதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மேலாளர் யசோதரா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது.

"வாடை சரின்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே, ரூஹி?"

"ஆமா மேடம்."

"உங்களை வேலைய விட்டு எடுக்கணும்னு நிர்வாகத்துல சொல்றாங்க. நான் இன்னைக்கே பதில் எழுதணும். லூர்து, அந்தத் தண்ணிய நீங்க மோந்து பார்த்தீங்களா இல்லையா?"

லூர்து வாயைத் திறப்பதற்குள் ரூஹி முந்திக்கொண்டாள். "அண்ணன் பார்த்தாரு மேடம். அண்ணன் மூக்கு தப்பாது. நான்தான் மேலாக்க மொண்டுகினு வந்துட்டேன். அடியில இன்னா இருந்துச்சோ. என் மேலதான் தப்பு."

அதை அவள் நம்பித்தான் சொன்னாள். லூர்து சும்மா நின்றிருந்தாலே போதும், வேலையும் பேரும் தப்பித்திருக்கும். ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம். ஆனால் தன் மூக்குக்காக இன்னொருத்தி தன் பிழைப்பைக் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க அவரால் முடியவில்லை.

"இருங்க மேடம்" என்று வெளியே போனார். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து ஒரு வாரம் வைத்திருப்பது வழக்கம். அந்த பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து ரூஹியிடம் நீட்டினார். அவளுக்கு ஜலதோஷம் விட்டிருந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யா அல்லா. தின்னர் அண்ணே இது. பெயிண்ட்டுக்கு ஊத்துவாங்களே, அது."

யசோதரா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். லூர்து பாட்டிலைத் தன் மூக்கோடு ஒட்டிவைத்து நெஞ்சு நிறைய இழுத்தார்.

"எனக்கு ஒண்ணுமே வரல மேடம்" என்றார். "நாலு வருஷமா எந்த வாடையும் வரல."

"அப்ப இத்தினி நாளா?" என்றாள் ரூஹி.

"உன் மூஞ்சியப் பார்த்துதான் சொல்லிகினு இருந்தேன். வாடை வந்தா உன் மூக்கு சுருங்கும். மோந்தது நீதாம்மா. நான் தலைய மட்டும் ஆட்டிகினு இருந்தேன்."

ரூஹி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எனுக்கு சளின்னு வேற ஆள மோந்து பார்க்க வெச்சிருப்பேனே அண்ணே. ஜமீன்தாரு உயிரோட இருந்திருக்குமே" என்றாள்.

யசோதரா அனுப்பிய பதிலில் ரூஹியின் பெயர் இல்லை. லூர்து சஸ்பெண்ட் ஆனார்.

அடுத்த வாரம் சாவிக்கொத்தை ஒப்படைக்க அவர் போனபோது, முற்றத்தில் உபைதுல்லாவின் லாரி நின்றிருந்தது. ரூஹி ஏறி மக்கில் தண்ணீர் மொண்டு இறங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். அப்புறம் பழக்கதோஷத்தில் கேட் பக்கம் திரும்பி லூர்துவைப் பார்த்தாள். உபைதுல்லாவும் அவரைத்தான் பார்த்தான்.

லூர்துவின் கழுத்து அசையப் போனது. அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ரூஹி மக்கைத் திரும்பவும் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை முழுக்க மூடி, நிதானமாக இழுத்தாள்.

"தொற" என்றாள் உபைதுல்லாவிடம்.

தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் பதிவேட்டை எடுத்துக் கையெழுத்துப் போடும்வரை லூர்து நின்றார். அப்புறம் சாவியை வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.